அவள் சொன்னதற்கு நான் சொன்ன அர்த்தம்

எங்கள் வீட்டில் டீக்குச் செருப்பு என்று பேர். காலையில் எழுந்ததும் என் பெண்டாட்டி "செருப்பு" என்பாள், நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். வாசலில் நின்ற பால்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

டீச்சரம்மா, பேச்சுப் பயிற்சிக்கு முதல் நாள் வந்தபோதே உங்களிடம் சொன்னேன். ஸ்கூட்டர் சறுக்கி அவளுக்குத் தலையில் அடி. எனக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது, ஓட்டுகிறவன் போட்டுக்கொள்வதுதானே முறை. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும், வாயில்தான் ஒன்றுக்கு ஒன்று மாறி வரும் என்றார் டாக்டர். தலையாட்டலும் அப்படியே. ஆமாம், இல்லை இரண்டுக்கும் ஒரே ஆட்டல்தான்.

கூடவே இருந்தால் பிடிபட்டுவிடும். தலையணை என்றால் பசி. ஜன்னல் என்றால் ஆமாம். சாவி என்றால் எங்கள் மகள்.

நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன். லாரி டயர் கழற்றி மாட்டிப் பிழைத்தேன். என்னிடம் யாரும் எதற்கும் அர்த்தம் கேட்டதில்லை. இப்போது பேங்கில் வேலை பார்க்கிற மகள் அம்மா வாயைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். "என்னப்பா சொல்றா?" நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டுத்தான் சொல்வேன். அது நன்றாகத்தான் இருந்தது.

முதலில் எதிர்வீட்டுக்காரி. முன்பு என்னைப் பற்றிய புகாரெல்லாம் அவளிடம்தான் போகும். புகார் பொய் என்று சொல்ல வரவில்லை, என் கை அவ்வப்போது இவள்மேல் நீளும். அவள் பார்க்க வந்தாள். இவள் சந்தோஷமாக "வாளி, வாளி" என்றாள். உட்காரு என்று அர்த்தம். நான் "தலை வலிக்குதாம், அப்புறம் வரச் சொல்றா" என்றேன். அவ்வளவுதான். எத்தனை லேசாகப் போனாள் தெரியுமா. இவள் என்னையே பார்த்தாள். நான் டம்ளர் கழுவப் போய்விட்டேன்.

பிறகு இவள் தம்பி, இவளோடு வேலை பார்த்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைவலி. யாரையும் நான் வராதே என்று சொன்னதில்லை.

உங்களால்தான் கொஞ்சம் சிரமம் வந்தது. படச் சீட்டை நீட்டி நீட்டி நீங்கள் பழக்கியதில் ஒரு நாள் அடுப்படிக்கு வந்து "டீ" என்றாள், சுத்தமாக. இன்றைக்கு டீ என்றால் நாளைக்கு வேறு என்னென்ன சொல்வாளோ. அதனால் டீ என்று கேட்டால் எனக்குக் காது கேட்காது. மறுபடி "டீ" என்பாள். நான் பேப்பரைப் புரட்டுவேன். அழுது ஓய்ந்து "செருப்பு" என்றதும் எழுந்து போய் ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு வார்த்தையையும் அப்படித்தான் திருப்பிப் போட்டேன். நீங்கள், பாவம், அடிபட்ட மூளை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும் என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள்.

மகளுக்கு ஏனோ சந்தேகம். "அம்மா, என்கூடவே வந்துடுறியா? ரூமெல்லாம் தயாரா இருக்கு."

"ஜன்னல்" என்றாள் இவள். "ஜன்னல், ஜன்னல்."

"வேண்டாங்கிறா" என்றேன். "இந்த வீட்ட விட்டு நகர மாட்டாளாம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வழியனுப்புகிறாள் என்று சொல்லி விரலைப் பிரித்துவிட்டேன். மருமகன் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், நான் சிரிக்கிறவர்களை நம்புவதில்லை. அங்கே போனால் இவளுக்கு யார் அர்த்தம் சொல்வது?

போன வாரம் நான் கடைக்குப் போன நேரத்தில் மகள் வந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, ஜன்னல்னா என்ன?"

"எத்தனை தடவை சொல்றது? வேண்டாம்னு அர்த்தம்."

"பசிக்குதான்னு கேட்டேன், ஜன்னல்னா. தட்டை வழிச்சுச் சாப்பிட்டா. இன்னும் வேணுமான்னேன், ஜன்னல்னா. அதையும் சாப்பிட்டா. ஏம்ப்பா இப்படிப் பண்ணின?"

பதில் சொல்ல அவகாசம் எங்கே கொடுத்தாள். துணியை மடித்து வைத்து ஆட்டோவை வரவழைத்துவிட்டாள். உங்களுக்கும் அவள்தான் போன் போட்டிருக்கிறாள், அதனால்தானே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தது அவள் போக வேண்டாம் என்பதற்குத்தான்.

ஒன்றே ஒன்று. ஆட்டோவில் ஏறியதும் மகள் கேட்டாள், "அப்பாவும் வரட்டுமாம்மா?" இவள் என்னை நேராகப் பார்த்து "வேண்டாம்" என்றாள். விழுந்ததிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை. மகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அம்மா பேச்சு என்ன தெரியும். நீங்களாவது போய்ச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் சீக்கிரம் வந்து கூட்டிப் போங்கள் என்று அர்த்தம்.