அப்பன் பங்கு

“பொய் சொல்லக் கத்துக் குடுத்திருந்தா எம்புள்ள எங்கூடவே இருந்திருக்குமுங்க.”

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்திலிருந்த பெரியம்மாளிடம் சொன்னாள்.

“என்னம்மிணி சொல்றே?”

“ஊட்டுக்காரரு அபினி திங்கறவருங்க. புள்ளையக் கவனிக்கறதில்லைன்னு யாரோ எழுதிப் போட்டு, கோர்ட்டுல கூப்புட்டாங்க. ‘அப்பன் எதைத் தின்னாலும் எனக்குப் பங்கு குடுப்பாருன்னு சொல்லு சாமி’ன்னு நாந்தானுங்க சொல்லி வெச்சேன். நெசந்தானுங்களே.”

“சொல்லுச்சா?”

“அப்படியே சொல்லுச்சுங்க. என்னென்ன குடுப்பாருன்னு ஜட்ஜய்யா கேட்டாரு. ‘முறுக்கு, கடலைக்கா, பசின்னு அழுதா கறுப்பு உருண்டை’ன்னு சொல்லுச்சு. அது எனக்கே அப்பத்தானுங்க தெரியும்.”

பஸ் மல்லூரைத் தாண்டியது.

“அன்னிக்கே சர்க்கார் விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்பப் பாத்துட்டுத்தான் வாரேன்.”

“அழுதுச்சா?”

“இல்லைங்க.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பாதி கடித்த கடலை உருண்டை ஒன்று இருந்தது.

“விடுதியில குடுத்ததுங்க. ‘இது அப்பன் பங்கு’ன்னு எடுத்து வெச்சிருந்து குடுத்துச்சு.”