ஆட்சி கவிழ்ந்ததற்கு ஜாங்கிரி

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பேருந்தில், காலி மீன் கூடையை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்து இருக்கை அம்மாவிடம் ஜாங்கிரிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"எடுத்துக்கோக்கா. எங்க வூட்டுக்காரு கீற நாட்டுல மறுபடியும் மிலிட்டிரிக்காரன் ஆட்சியப் புடிச்சிட்டான்."

"அதுக்கு எதுக்கும்மா ஸ்வீட்டு?"

"அங்க மீன்புடி கப்பல்ல வேலைக்குப் போனவரு. எதுக்குன்னே சொல்லாம உள்ள வச்சிட்டான். ரெண்டு வருசமா கேஸு. ஆட்சி மாறுறப்பல்லாம் ஜட்ஜ மாத்திடுவான், புது ஜட்ஜு மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

"இப்ப தீர்ப்பு வந்துடுச்சா?"

"தீர்ப்பாவது! பழைய மந்திரிங்கள அடைக்க ஜெயில்ல எடம் பத்தல. அதான் எங்காள வெளிய தொரத்திட்டான். நாளைக்குக் காலைல மீனம்பாக்கத்துல வந்து எறங்குறாருக்கா!"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே இரண்டாவது ஜாங்கிரியை எடுத்தார்.

"இன்னும் கேளு. இவரு கேஸப் பாத்த ஜட்ஜையும் இவரு ரூம்லயே கொண்டாந்து போட்டானாம். அவரு இவரப் பாத்து, 'நீ இன்னா தப்பு பண்ண?'ன்னு கேட்டாராம்."

"இவரு என்ன சொன்னாராம்?"

"'நீங்க சொல்லுவீங்கன்னுதான் சார் ரெண்டு வருசமா உக்காந்துனுகீறேன்'னாராம். வரும்போது போர்வைய அவருக்கே குடுத்துட்டாராம். பாவம், அவரு கேஸு எப்ப வருமோ!"