தோளுக்கு மேலே பிடித்த போன்

இரவு பன்னிரண்டு பத்து. தம்பலகாமம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போகிற றோட்டு. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். ஒரேயொரு வான் போகிறது. முன்னுக்கும் வெளிச்சம் இல்லை. பின்னுக்கும் இல்லை...

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறவர் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு விளங்கும்.

இது என் கூட்டாளி சோமசேகரத்தின் அக்கா மகன் நிருபனுக்கு நடந்தது. போன வருடம், மாசி மாதம்.

வானில் மூன்று பேர். ஓட்டுகிறவன் ஸாஜித், மூதூர்க்காரன். அவனுக்குப் பக்கத்தில் ஆனந்தராசா. பின்சீற்றில் நிருபன், மடியில் ஒரு பெட்டி, காலடியில் இரண்டு பெட்டி. மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நிருபன் கட்டாருக்குப் போய் நான்கு வருடம். அவன் வருவது வீட்டுக்குத் தெரியாது. கட்டைபறிச்சானில் அம்மா கமலேஸ்வரி தனியாக இருக்கிறாள். அப்பா தம்பிராசா செத்து வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

விடியமுதல் போய்க் கதவைத் தட்டவேண்டும். அம்மா திறக்கவேண்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது காலில் விழவேண்டும். அவ்வளவுதான் அவன் யோசித்து வைத்திருந்தது. ஏனென்றால் அப்பா செத்தபோது அவன் வரவில்லை. கம்பனி பாஸ்போட்டைக் கொடுக்கவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் அழுது தீர்த்திருப்பான். அவள் கேட்கவேயில்லை.

விமானநிலையத்தில் ஸாஜித் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். ஆனந்தராசா "வா" என்றான், முன்னால் நடந்தான். முன்சீற்றில் ஏறி இருந்தான். அதற்குப் பிறகு ஏழு மணித்தியாலமாக அவன் தலை பின்பக்கம் திரும்பவில்லை.

"மச்சான், உன்ட கழுத்தில என்ன, சுளுக்கா?" என்று ஸாஜித் கேட்டான். "நிருபன், இவன்ட வேலையப் பாத்தியா? வான்ல ஏறின உடனே பின்னுக்குப் பாக்கிற கண்ணாடியில துவாயச் சுத்திட்டான். அந்தப் பக்கத்துக் கண்ணாடியையும் மடிச்சி வெச்சிட்டான். பொலிஸ் மறிச்சா நீதான்டா இறங்கிக் கதைக்கணும், ஆனந்து."

ஆனந்தராசா சிரிக்கவில்லை.

"என்னோட கோவமோடா?" என்றான் நிருபன்.

"இல்லை."

"பின்னை ஏன் முகத்தைப் பார்க்கிறாயில்லை?"

"முகத்தைப் பார்த்து என்ன? நீ வந்திட்டாய். அது போதும்."

கிண்ணியாப் பாலத்தில் வானை நிறுத்தினார்கள். உப்புக் காற்று. கீழே எங்கேயோ ஒரு வள்ளம் தூணில் இடிபடுகிற சத்தம். நிருபன் பெட்டியைத் திறந்து ஒரு கைமணிக்கூட்டை எடுத்தான். ஆனந்தராசாவுக்கென்று தோஹாவில் இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கியது. சீற்றுக்கு மேலால் நீட்டினான். ஆனந்தராசா திரும்பாமலே கையை மட்டும் பின்னுக்கு நீட்டினான். குருடன் தடவுவதுபோல் அந்தரத்தில் தடவி வாங்கினான். மடியில் போட்டான். பார்க்கவில்லை.

நிருபனுக்கு நெஞ்சு கசந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் இவன்தான். மகன் வெளிநாட்டில் நிற்க, மருமகன் முறைக்காரன் என்று ஊர் இவனைப் பிடித்து முன்னுக்கு விட்டது. அந்தக் கோபம் போலும் என்று நினைத்துக்கொண்டான். பெட்டியை மூடினான்.

மூதூர் தாண்டியது. றோட்டில் ஒரு நாய்கூட இல்லை...

அப்போதுதான் மணந்தது.

"ஆருடா சுருட்டுப் பத்தின?" என்றான் ஸாஜித்.

ஒருவரும் பற்றவில்லை. யன்னல் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. நிருபனுக்கு அந்த மணம் தெரியும். ஈரப் புகையிலை, அதற்குள்ளே கொஞ்சம் வேர்வை. அவன் சின்ன வயதில் சைக்கிள் பாரில் இருந்து போகும்போது பிடரியில் படுகிற மணம். ஆனால் இதில் இன்னொன்றும் கலந்திருந்தது. கருகிய நெய்.

"நிப்பாட்டு," என்றான் ஆனந்தராசா.

கட்டைபறிச்சான் பாலத்துக்கு இந்தப் பக்கம். கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு மணல் திட்டி. சுடலை. ஸாஜித்துக்கு அந்த இடம் தெரியும். "பைத்தியமாடா உனக்கு? இந்த நேரம்..."

"நிப்பாட்டடா!"

வான் நின்றது. எஞ்சினும் நின்றது. ஸாஜித் திறப்பைத் தொடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான்.

"அண்டைக்கு நீ போனில கேட்டது ஞாபகமோ?" என்றான் ஆனந்தராசா. நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

நிருபனுக்கு ஞாபகம். தங்குமிடத்தில், மேல்கட்டிலில் படுத்தபடி, போனில் அப்பாவின் செத்தவீடு. எட்டுப் பேர் இருக்கிற அறை. ஒருவன் பல்லு விளக்குகிறான், ஒருவன் இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்குகிறான், இவன் போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு பார்க்கிறான். ஆனந்தராசா குடத்தோடு மூன்று தரம் சுற்றினான். குடத்தை உடைத்தான். முதுகுப் பக்கமாகக் கொள்ளியை வைத்தான். நடக்கத் தொடங்கினான். அதோடு, அதுவரை ஆரோ பிடித்திருந்த போனை வாங்கி மடிக்குள் வைக்கப் பார்த்தான். நிருபன் கத்தினான். ஒருக்கா காட்டு மச்சான்... கடைசியா ஒருக்கா காட்டு... கெஞ்சினான்.

"கொள்ளி வைச்சவன் திரும்பிப் பார்க்கக் கூடாது," என்றான் ஆனந்தராசா. ஸாஜித்துக்குச் சொல்வதுபோல் சொன்னான். "பார்த்தா செத்தவரும் எழும்பிப் பின்னால வீட்டுக்கு வெளிக்கிட்டிடுவார். நான் பார்க்கேல்லை. இவன் அழுதான் எண்டு போனைத் தோளுக்கு மேல பின்பக்கமாப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான். நான் பார்க்கேல்லைத்தானே எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினான். "ஆனா கொள்ளி உன்ர. நான் உனக்காக வைச்சது. நீ பார்த்தாய். றோட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாய்."

 ஒரு வருடமாக நிருபன் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. அன்றைக்கு அந்தச் சின்னத் திரையில், புகைக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். போன் ஆடியது, முகம் தெரியவில்லை. வலது காலை இழுத்து இழுத்து வந்தார். விறகு அடுக்குகிற மனிசனாக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். தம்பிராசா வலது காலை இழுத்துத்தான் நடப்பார். மண்வெட்டி பட்டுப் பெருவிரல் போன கால். செருப்புக் கொழுவாத கால்.

"அண்டையில இருந்து எனக்குப் பின்னால நடக்கிறார்," என்றான் ஆனந்தராசா. "கிணத்தடிக்குப் போனா வாறார். படுத்தா தலைமாட்டில நிக்கிறார். மனிசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டை போயிட்டாள். ஒண்டைத்தான்டா கேக்கிறார். ஒரே ஒண்டு."

"என்ன?"

"தம்பி வந்திட்டானோ?"

ஆசுப்பத்திரியில் கடைசி மூன்று நாளும் அப்பா கேட்டது அதுதான். கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் கேட்டாராம். அம்மா சொல்லியிருந்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாமல் வா எண்டு நீதானே சொன்னனீ..." என்றான் நிருபன்.

"ஓம். சொல்லியிருந்தா ஆரும் உன்னைத் தடுத்திருப்பினம். ஒரு வருசம் உன்ர தேப்பனை நான் தூக்கிக் காவினனான். எனக்கு ஏலாது. இனி ஏலாது."

வெளியே... சுடலைப் பக்கமிருந்து...

தொப். சர்ர்ர்.

தொப். சர்ர்ர்.

மணலில் ஒரு கால் விழுகிறது. மற்றக் கால் இழுபடுகிறது. வானுக்குப் பின்பக்கம் வந்து நின்றது. தகரத்தில் விரல் ஒன்று தடவிக்கொண்டு வந்தது, பின்கதவில் இருந்து பக்கக் கதவு வரைக்கும். ஸாஜித் ஓதத் தொடங்கினான். நாக்கு இடறியது.

அப்போது ஆனந்தராசா திரும்பினான். ஏழு மணித்தியாலத்துக்குப் பிறகு முதன்முதலாக. நிருபனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. நிருபனுக்குப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான்.

"ஓம் மாமா," என்றான். "தம்பி வந்திட்டான்."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். மூதூர்ப் பக்கமாக நடந்தான். நாலு அடி வைத்துத் திரும்பிப் பார்த்தான். பிறகும் நாலு அடி, பிறகும் திரும்பினான். ஒன்றும் தொடரவில்லை என்று கண்டதும் சிரித்தான். இருட்டு அவனை மூடும்வரை, புது விளையாட்டுக் கிடைத்த பிள்ளைபோல் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

வானுக்குள், நிருபனுக்குப் பக்கத்தில், சீற்று அமிழ்ந்தது.

எஞ்சின் தானாக முனகி ஸ்ராட் ஆனது.

பாலம் கடந்தார்கள். ஸாஜித் கண்ணாடித் துவாயை எடுக்கவில்லை. நிருபன் கழுத்தை அசைக்கவில்லை. இடது தோளில் மட்டும் சூடு... அடுப்படியில் நிற்கிற சூடு.

வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் இறங்கினான். சப்பாத்து மணலில் புதைகிற சத்தம். பின்னால், தொப். சர்ர்ர். அவன் நின்றால் அதுவும் நின்றது. வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் சின்ன லைற் எரிந்தது. யன்னலுக்குள்ளால் அம்மா இருமுவது கேட்டது. நாலு வருடமாக அவன் போனில் மட்டும் கேட்ட இருமல். பத்து அடி.

வேலிப் படலைக் கொழுக்கியைக் கழற்றினான்.

அப்படியே நின்றான். தான் உள்ளே போனால் இதுவும் உள்ளே வரும். அம்மாவின் பாய்க்குத் தலைமாட்டில் வந்து நிற்கும்... பிடரியில் மூச்சுப் பட்டது. சுருட்டு மணத்த மூச்சு.

"அம்மா" என்று ஒரு சொல். அதைத் தொண்டைக்குள் வைத்து விழுங்கினான். கையை எடுத்தான். திரும்பவில்லை. வேலியைப் பிடித்தபடி ஒழுங்கையில் நேரே நடந்தான், வீட்டைக் கடந்து, மற்ற முனைக்கு. ஒரு வருடத்துக்கு முதல் தான் நடந்திருக்கவேண்டிய நடை அது என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பின்னால் சத்தம் இல்லை. இன்னும் பத்து அடி. சத்தம் இல்லை. தோளில் இருந்த சூடும் இல்லை. அப்பா போய்விட்டார். அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மற்ற முனையில் ஸாஜித் வானைச் சுற்றிக்கொண்டு வந்து ஏற்றினான்.

"உம்மா புட்டு அவிச்சி வெச்சிருப்பா," என்றான் ஸாஜித். வேறு என்ன சொல்வது? "விடியட்டும். பத்து மணிக்கு நானே கொண்டுபோய் விடுறன். வெளிச்சத்தில போய்க் கதவத் தட்டு."

மூதூரில், ஸாஜித் வீட்டு விறாந்தையில் நிருபன் நித்திரையானான். நாலு வருடத்தில் அப்படி ஒரு நித்திரை கொண்டதில்லையாம்.

காலை ஆறே கால். போன் அடித்தது. அம்மா.

"தம்பி, எழும்பிட்டியே அப்பு? அங்க இன்னும் விடிஞ்சிருக்காது என்ன? கோவியாதை." அவளைப் பொறுத்தவரை அவன் இன்னும் கட்டாரில்தான். நிருபன் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினான். இன்னும் நாலு மணித்தியாலம்தானே.

"ஓம் அம்மா, சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லையடா. படலை திறந்து கிடக்குது. நான் கொழுக்கி போட்டுத்தான் படுத்தனான்."

அவன் சிரிப்பு நின்றது. கழற்றிய கொழுக்கியை அவன் திரும்பப் போடவில்லை.

"மாடு கீடு வந்திருக்கும் அம்மா."

"மாடில்லை. பின்னேரம் முத்தத்து மண்ணைக் கூட்டினனான்தானே. காலடி கிடக்குது. வெறுங்கால். படலையில இருந்து நேரே வாசல்படி வரைக்கும் வந்திருக்கு." அவள் குரல் மெதுவாகியது. "ஒரு கால் இழுபட்டிருக்கடா. வலது கால். பெருவிரலைக் காணேல்லை."

"அம்மா..."

"வந்த காலடிதான் கிடக்குது தம்பி. போன காலடி இல்லை."

"அம்மா, இப்ப எங்க இருக்கிறியள்?"

"வாசலடியில. கதிரையைப் போட்டு முத்தத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்."

முற்றத்தைப் பார்த்துக்கொண்டு என்றால், வீடு அவளுக்கு முதுகுப் பக்கம்.

போனுக்குள், அம்மாவுக்குப் பின்னால், வீட்டுக்குள் இருந்து ஒரு செருமல் கேட்டது. சுருட்டுக்காரர்கள் செருமுவதுபோல். பிறகு சீமெந்து நிலத்தில்...

தொப். சர்ர்ர்.

"அம்மா, எழும்பி வெளியால வாங்கோ! திரும்பிப் பார்க்காதேங்கோ! அம்மா, நான் இங்கதான் நிக்கிறன், நான் வந்திட்டன், திரும்பாதேங்கோ அம்மா!"

அவள் அதைக் கேட்டாளோ தெரியாது. கதிரை கிறீச்சிட்டது. மெல்ல, முழுதாக, ஒரு பக்கம் திரும்புகிற கிறீச்சு. பிறகு அம்மாவின் குரல். அவனோடு ஒருநாளும் அப்படிக் கதைத்ததில்லை. கலியாணமான புதிதில் கதைத்திருப்பாளாக்கும்.

"எப்ப வந்தனீங்கள்?"