இன்னும் பத்தடி

மத்தியானம் மூணு பத்து. ராத்திரி இல்ல... மத்தியானம். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நடுவுல யாரும் கேக்கக் கூடாது. பேய்க்கு நம்மள மாதிரி ஷிஃப்ட் எல்லாம் கிடையாது.

மலை மேல ஒத்தையடிப் பாதை. பாதைன்னுகூட சொல்ல முடியாது, ஆடு போன தடம். மரம் கிடையாது, வேலி கிடையாது, மொட்டை மேடு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் முழங்கால் உயரப் புல்லு, நடுநடுவுல கறுப்பா சேத்துக் குழி. இன்னிக்கு நடந்துட்டு வந்து 'கால் செத்துப்போச்சு'ன்னு புலம்பிட்டு, ஷூவை அடுப்புகிட்ட காயப் போட்டிருக்கீங்களே... அதே மாதிரி மேடுதான். கொஞ்சம் கிட்ட வாங்க. தொண்டை கட்டியிருக்கு, கத்திப் பேச முடியாது.

அந்தத் தடத்துல ஒருத்தர் தனியா நடந்துட்டிருந்தாரு. என்கூட வேலை பாக்குறவரோட ஒண்ணுவிட்ட அண்ணன். லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஆளு, அதனால லிஃப்ட்காரர்னே வெச்சுக்குவோம். வாரம் பூரா அடுத்தவங்களை மேல ஏத்தி விடுவாரு, சனிக்கிழமையானா இவரு நடந்து மேல ஏறுவாரு. நம்மள மாதிரி ஒரு மலை நடைக் கிளப்புல, நல்ல வழி கண்டுபிடிக்கிறது அவரு பொறுப்பு. எங்க கால் புதையாது, ஓடையை எங்க தாண்டலாம், எந்தக் கல் குவியல்லேருந்து எந்தத் திசையில எத்தனை அடி... எல்லாத்தையும் ஒரு தாள்ல வரிவரியா எழுதுவாரு. மத்தவங்க அந்தத் தாளை நம்பி நடப்பாங்க.

ஆனா அன்னிக்கு அவரு வழி தேடிப் போகல. ஆளைத் தேடிப் போனாரு. அது அம்பதாவது சனிக்கிழமை.

காணாமப் போனது அவரு தங்கச்சி புருஷன். மாப்பிள்ளை.

மூடுபனியில ரெண்டு பேரு நடக்க ஒரு முறை இருக்கு. உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு கேட்டுக்குங்க. ஒருத்தன் காம்பஸோட நிப்பான். இன்னொருத்தன் அந்தத் திசையில முன்னாடி போவான், திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே. பின்னாடி நிக்கிறவன் வலது கையை நீட்டினா வலது பக்கம் நகரணும். இடது கைன்னா இடது. ரெண்டு கையையும் தூக்கினா நின்னுடணும். ஆளு பனியில மறையறதுக்குள்ள ரெண்டு கையும் மேல போயாகணும், அதான் சட்டம். நின்னவன்கிட்ட இவன் போய்ச் சேருவான். திரும்ப முதல்லேருந்து. நாப்பது அடி... அம்பது அடி... இப்படியே ஒரு மலையைத் தாண்டணும். அதோட அலுப்பு செஞ்சு பாத்தவனுக்குத்தான் தெரியும்.

பதினோரு வருஷம் ரெண்டு பேரும் அப்படி நடந்தாங்க. மாப்பிள்ளைதான் எப்பவும் முன்னாடி. அவருக்கு இடது கைப் பழக்கம். முட்டி வலி வேற, கிளம்பறதுக்கு முன்னாடி தைலம் தேய்ச்சாத்தான் கால் எடுத்து வெப்பாரு. பையில தொங்கற பிளாஸ்க்கோட மூடி லொடலொடன்னு இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் 'டிக்... டிக்'னு தட்டும். வேற பிளாஸ்க் வாங்குங்கன்னு தங்கச்சிக்கு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

முந்தின வருஷம், இதே மேடு. இதே பனி. ஆறு மணி நேரம் நடந்தாச்சு. லிஃப்ட்காரருக்கு இடுப்பு விட்டுப்போச்சு. முந்தின நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள குனிஞ்சு நின்ன இடுப்பு. மாப்பிள்ளை முன்னாடி போயிட்டிருக்காரு... உருவம் மங்குது... கையைத் தூக்கணும். தூக்கல. இன்னும் கொஞ்ச தூரம் போகவிட்டா ஒரு தடவை நின்னு நடக்கறது மிச்சமாகும்னு ஒரு நினைப்பு. வாயைத் திறந்து கத்தினாரு.

"இன்னும் பத்தடி, மாப்ள!"

மாப்பிள்ளை கையை ஆட்டிட்டுப் போனாரு. டிக்... டிக்... டிக்...

அப்புறம் இல்ல.

அலறல் இல்ல. கல்லு உருள்ற சத்தம் இல்ல. சத்தம் நின்னுச்சு, அவ்வளவுதான். இவரு ஓடினாரு, கூப்பிட்டாரு, நாலா பக்கமும் ஓடினாரு. ஓடினதுல, எங்க நின்னோம், எந்தத் திசையில அனுப்பினோம்ங்கிறதே போச்சு.

கீழ வந்து, தேட வந்தவங்ககிட்ட நடந்ததைச் சொல்ல வாய் வரல. 'உச்சியில கல் குவியல்கிட்ட ஒதுங்கிட்டு வரேன்னு போனாரு, திரும்பி வரல'ன்னு சொல்லிட்டாரு. ஒரே ஒரு பொய். அவங்க நாலு நாள் உச்சியைச் சுத்தியே தேடினாங்க. எப்படிக் கிடைப்பாரு? தங்கச்சிகிட்டயும் அதே பொய்தான். அவ அழுது முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"அவரைக் கண்டுபிடிச்சுக் குடு அண்ணா. அதுவரைக்கும் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மிதிக்கல. கூடப் பொறந்தது அவ ஒருத்திதான். அதான் சனிக்கிழமை சனிக்கிழமையா அந்த மேட்டுக்குப் போனாரு. மத்தவங்க தேடின இடத்துல இல்லைன்னு அவருக்கு மட்டும்தானே தெரியும்? உண்மையைச் சொல்லி நாலு பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். சொல்லல. மனுஷன் கெட்டவன் இல்ல... ஒரு பொய்யை ஒரு வாரம் வெச்சிருந்தா, அப்புறம் அதைக் கீழ இறக்கவே முடியாது போல.

சரி. மூணு பத்து. பனி இறங்குச்சு. முதல்ல எதிர் மேடு போச்சு, அப்புறம் ஓடை போச்சு, அப்புறம் அவரு ஷூவைத் தவிர எல்லாம் போச்சு. காம்பஸை எடுத்தாரு. கீழ இறங்கற திசையை வெச்சாரு. தனியா இருந்தா, முன்னாடி ஏதாவது ஒரு அடையாளம் பாத்து அதுவரைக்கும் நடக்கணும். அங்க எல்லாப் புல்லும் ஒரே மாதிரி. அடையாளத்துக்கு எங்க போறது?

தலையைத் தூக்கினா... பனி ஓரத்துல ஒருத்தர் நிக்கிறாரு.

யாரோ நடக்க வந்தவருன்னு நினைச்சாரு. நல்லதாப் போச்சு, இவரையே அடையாளமா வெச்சுக்கலாம். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிக்கிறாரு. பழக்கதோஷம்... கை தானா எழுந்துச்சு. வலது கையை நீட்டினாரு.

அந்த உருவம் ரெண்டடி வலது பக்கம் நகர்ந்துச்சு.

லிஃப்ட்காரர் ரெண்டு கையையும் தூக்கினாரு. அது அசையாம நின்னுச்சு. இவரு நடந்தாரு. கிட்டப் போறதுக்குள்ள அது நகர்ந்து முன்னாடி போயிடுச்சு. டிக்... டிக்... அது நின்ன இடத்துல புல்லு மடங்கல. தைல வாசனை மட்டும் இருந்துச்சு.

ஓடியிருக்கணும்ங்கறீங்களா? எங்க ஓடறது? அவருக்குப் பயம் வரலையாம். இத்தனை நாள் தேடினது இப்போ முன்னாடி போகுது, பின்னாடி போனா போதும்னுதான் தோணுச்சாம். வலது கை... இடது கை... ரெண்டு கை... நட. அம்பத்திரண்டு அடி. நாப்பத்தெட்டு அடி. கை பாட்டுக்குத் தாளை எடுத்து எழுதுது. எழுதிப் பழகின கை இல்லையா? அந்த மேட்டுல கணுக்கால் நனையாம யாரும் நடந்ததில்ல. அன்னிக்கு அவரு ஷூவுல ஒரு சொட்டு சேறு ஒட்டல. இருவது வருஷத்துல அவரு கண்டுபிடிச்ச வழியிலேயே நல்ல வழி அதுதான். பதினோரு வரி எழுதியாச்சு.

பன்னெண்டாவது தடவை இவரு இடது கையை நீட்டினாரு. அது நகரல.

ரெண்டு கையையும் தூக்கினாரு. அது கண்டுக்கல. மெதுவா இவரு பக்கம் திரும்பிச்சு. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல பனி. இடது கையைத் தூக்கி, 'வா... இன்னும் வா'ன்னு ஆட்டிச்சு.

போயிடலாம்னு தோணுச்சு அவருக்கு. நிஜமாவே தோணுச்சு. ஒரு வருஷமா சரியாத் தூங்கல, சரியாச் சாப்பிடல, யாரு மூஞ்சியையும் நேராப் பாக்கல. அவ்வளவு அலுப்பு. ஒரு அடி வெச்சாரு. இன்னொரு அடி. மூணாவது அடிக்குக் காலைத் தூக்க முடியல. தாளும் பென்சிலும் கையில இருக்க, அப்படியே புல்லுல உக்காந்துட்டாரு. கண்ணு சொருகிடுச்சு.

முழிச்சப்போ பனி விலகியிருந்துச்சு. சாயங்கால வெளிச்சம். கால் கட்டை விரலுக்கு முன்னாடி ஒரு முழம் புல்லு... அதுக்கப்புறம் தரையே இல்ல. பழைய கல்குவாரி. விளிம்புல புல்லு வளர்ந்து, பள்ளத்தையே மறைச்சுத் தொங்குது. எட்டிப் பாத்தாரு. அடியில நீலக் கலர்ல ஒரு பை கிடந்துச்சு.

மறுநாள் கயிறு கட்டி இறங்கி மாப்பிள்ளையை எடுத்தாங்க. எல்லாம் முடிஞ்சு மூணாவது நாள் சாயங்காலம், தங்கச்சி அண்ணன் வீட்டு வாசப்படி ஏறினா. மூணாவது மாடி, ரெண்டு ரூம் வீடு. அண்ணி வேலைக்குப் போயிருந்தா. ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, மாப்பிள்ளை வந்தா அதுலதான் உக்காருவாரு. அவ அதுல உக்காரல. கொண்டு வந்த பிளாஸ்டிக் பையை மேஜை மேல வெச்சா. அவரோட ஷூ, கண்ணாடி, பிளாஸ்க், நசுங்கின மூடி. லிஃப்ட்காரர் நாற்காலிக்கு முதுகைக் காட்டி மேஜைகிட்ட உக்காந்திருந்தாரு.

"சொன்ன மாதிரியே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டே அண்ணா"ன்னா. சும்மா இருக்க முடியாம, மலைக்குப் போட்டுட்டுப் போய் ஈரத்தோட தொங்கவிட்ட அண்ணன் கோட்டை எடுத்து உதறினா. பாக்கெட்லேருந்து அந்த வழி எழுதின தாள் விழுந்துச்சு. பிரிச்சு, மேஜை மேல நீவிவிட்டா.

நீவின கை நின்னுச்சு.

"பதினோரு வரி உன் எழுத்து. இது?"

பன்னெண்டாவது வரி. இடது பக்கம் சாஞ்ச, கோழி கிறுக்கின மாதிரி எழுத்து. 'இன்னும் பத்தடி.'

"இது அவரு எழுத்து. எத்தனை மளிகை லிஸ்ட்ல பாத்திருக்கேன்... அண்ணா, பத்தடின்னா என்ன?"

"தெரியலம்மா."

டிக்.

கீழ, மாடிப்படியில. லிஃப்ட்காரர் மேஜையைப் பாத்தாரு. மூடி பைக்குள்ளதான் இருந்துச்சு.

"உனக்குத் தெரியும். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

"சத்தியமா தெரியாது."

டிக்... டிக்... டிக். படி ஏறி, வராந்தாவுக்கு வந்துடுச்சு. கதவு திறக்கல. ஆனா தைல வாசனை உள்ள வந்துடுச்சு.

அப்போதான் சொன்னாரு. ஒதுங்கப் போகல, நான்தான் அனுப்பினேன். கையைத் தூக்கல. இடுப்பு வலி, அலுப்பு. ஒரு தடவை மிச்சம் பண்ண ஆசைப்பட்டு, இன்னும் பத்தடின்னு கத்தினேன். இடத்தை மாத்திச் சொன்னதும் நான்தான். எல்லாத்தையும், மேஜையைப் பாத்துக்கிட்டே.

டிக்... சத்தம் நிக்கல. இப்போ ரூமுக்குள்ள. டிக்... அவரு முதுகுக்குப் பின்னாடி. டிக்... பிடரியில ஜில்லுன்னு ஈரக்காத்து பட்டுச்சு.

அப்போ தங்கச்சி நிமிர்ந்தா. அவ பாத்தது அண்ணனை இல்ல. அவரு தலைக்கு மேல, பின்னாடி. பாத்துக்கிட்டே இருந்தா... அப்புறம் மெதுவா ரெண்டு கையையும் தூக்கினா.

அவ வாழ்க்கையில ஒரு மலை ஏறினதில்ல. அந்தச் சைகையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்ல.

சத்தம் நின்னுச்சு.

லிஃப்ட்காரர் திரும்பிப் பாக்கல. தங்கச்சி கையை இறக்கல. ரொம்ப நாள் கழிச்சு வேலை முடிஞ்சு வந்த ஆளுகிட்ட பேசற மாதிரி, அலுத்துப்போன குரல்ல சொன்னா.

"போதும்ங்க. எவ்வளவு தூரம்தான் நடப்பீங்க... உக்காருங்க."

ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி, ஆளு உக்காந்த மாதிரி, கிறீச்சுன்னு அமுங்கிச்சு.