ஆட்டத்தில் குறையில்லை

நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி நல்ல நாற்காலி, ஐயா. இடது கைப்பிடி லேசாக ஆடுகிறது. ஒரு திருகை முறுக்கினால் சரியாகிவிடும். கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு எங்கே போனாலும் இந்தப் புத்தி போவதில்லை. உட்காருவதற்குள் கண் விலை போட்டுவிடுகிறது.

எங்கள் வீடியோ கேம் நிறுவனத்தின் கதையை ஆதியிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். வக்கீல் வேண்டாம். ஆனால் எதற்காகச் சொல்கிறேன் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுவோம். எங்கள் ஆட்டம் என் மச்சினனைக் கொன்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. என் மனைவியும் உங்கள் வாசலில் நின்று அதையேதான் சொல்லியிருக்கிறாள். அதை நம்பி அந்த ஆட்டத்தைக் கடைகளிலிருந்து எடுக்க உத்தரவு போடப் போகிறீர்கள். அது நடக்கக் கூடாது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆட்டத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். அதற்காகத்தான் வாயைத் திறக்கிறேன்.

என் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் எழுந்து வாசல்வரை போவதும், நாம் கூப்பிட்டு உட்கார வைப்பதும், அவர் மறுபடி எழுவதும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கல்லூரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் கணினியில் நிரல் எழுதுவான். ஆனால் கடைக்குப் போய் ஒரு பேனா வாங்கத் தெரியாது. எனக்கு நிரல் தெரியாது, பேசத் தெரியும். கூட்டாளிகளானோம். மூடிப்போன தட்டச்சுப் பயிற்சிக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். அதில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை இருந்தது. உள்ளே மாணவர்கள் தேர்வு எழுத, வெளியே நின்று மேற்பார்வை பார்ப்பார்களாம். அதைச் சோதனை அறையாக வைத்துக்கொண்டோம்.

முதல் ஆட்டம் என் யோசனை. போன் திரையில் ஒரு துணிக்கடை. வருகிறவரிடம் பேரம் பேச வேண்டும். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவரை எந்த அடியில் திரும்பக் கூப்பிடுகிறீர்கள் என்பதில்தான் வெற்றி. கூட்டாளிக்கு நம்பிக்கையே இல்லை.

"இதை யாருடா ஆடுவா? ஜனங்க நிஜத்துலயே பேரம் பேசி நொந்து போயிருக்காங்க" என்றான்.

"நிஜத்துல ஜெயிக்க முடியலைல்ல, அதான் இதுல ஆடுவாங்க" என்றேன்.

ஆடினார்கள். பேருந்தில் ஆடினார்கள், மருத்துவமனை வரிசையில் ஆடினார்கள், அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்கள். அந்தத் தெம்பில் ஒரு கார் பந்தய ஆட்டம் செய்தோம். அது மண்ணைக் கவ்வியது. ஊரில் எல்லாரும் கார் பந்தயம் செய்கிறார்கள் என்று நாங்களும் செய்தோம், வேறு காரணம் இல்லை. அந்த இரண்டாவது ஆட்டம் ஓடியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி. அவனுக்கு வலிப்பு இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் பக்கத்திலேயே வராது. ஆனாலும் விஷயம் காதில் விழுந்ததும் முதலாளிகள் மரியாதையாகக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நான் அனுப்பவில்லை. சோதனை அறையில் உட்கார வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு வேலை கொடுத்த ஒரே ஆள் நான்.

எங்கள் ஆட்டங்களை ஆடிப் பார்த்து எங்கே தப்பு என்று சொல்வதுதான் வேலை. சொல்லத்தான் தெரியாது. எதைக் கேட்டாலும் "நல்லாருக்கு மாமா" என்பான். ஆனால் சலிப்புத் தட்டினால் கொட்டாவி வந்துவிடும், அடக்க முடியாது. கொஞ்ச நாளில் நான் ஒன்றைக் கவனித்தேன். அவன் கொட்டாவி விட்ட இடத்தில்தான் ஜனங்களும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது எங்கள் நிறுவனத்தின் சட்டம். கொட்டாவி வந்தால் அந்தக் காட்சி காலி. எங்கள் ஓவியர், ஒரு பெண், நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்த அரண்மனை ஒரே கொட்டாவியில் போனது. "இவர் வாய்க்கு ஒரு கிளிப் வாங்கிக் குடுங்க சார், என் பொழப்பையே முழுங்குறாரு" என்றாள். அவனும் சேர்ந்து சிரித்தான். கொட்டாவி என்றே பெயராகிவிட்டது. என் மகளுக்கும் அவன் கொட்டாவி மாமாதான். மற்ற நிறுவனங்கள் அள்ளிக் கொடுத்து நிபுணர்களைக் கேட்கும் விஷயம் எங்களுக்கு வீட்டிலேயே கிடைத்தது.

மூன்றாவது ஆட்டம்தான் நீங்கள் எடுக்கப் பார்ப்பது. கடலுக்கு நடுவில் ஒரு கலங்கரை விளக்கம், சுற்றிலும் புயல். மின்னல் வெட்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் பாதை தெரியும். அடுத்த மின்னல்வரை அதை நினைவில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அப்படி ஓர் ஆட்டத்தை யாரும் செய்ததில்லை என்று இன்றும் சொல்வேன். வெளியிட வேண்டிய பெரிய விநியோக நிறுவனம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. வெளிச்சம் வெட்டி வெட்டி வந்தால் சிலருக்கு வலிப்பு வரும். ஆகவே பரிசோதனைக்கூடத்தில் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னது. நியாயம்தான். அனுப்பினோம். ஆகாது என்று திரும்பி வந்தது. எந்தப் பகுதி தேறவில்லை என்று மட்டும் சொல்வார்கள், எந்த மின்னல், எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். திருத்தி அனுப்பிவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பள்ளி விடுமுறைக்குள் வராவிட்டால் விநியோகக்காரர் கைகழுவிவிடுவார். நிறுவனத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

கூட்டாளி எல்லா மின்னலையும் பாதியாகக் குறைக்கலாம் என்றான். குறைத்துப் பார்த்தோம். மங்கிய குழல்விளக்கு மாதிரி இருந்தது. ஐயா, விலையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் குறைக்கலாம். எவ்வளவு குறைத்தால் வாங்குவார் என்று தெரியாமல் குறைப்பவன் வியாபாரியே இல்லை.

அந்த வாரத்தில் கொட்டாவி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாத்திரையை அங்கேயே மறந்துவிட்டு வந்தான். மறுநாள் புயல் காட்சியின் நடுவில் வலிப்பு வந்தது. கூட்டாளி ஓடிப்போய்த் திரையை அணைத்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நான் திரை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தேன். அந்த மின்னலை மட்டும் குறைத்து அனுப்பினோம். அந்தப் பகுதி தேறிவிட்டது.

வெளியே தேநீர் குடிக்கும்போது கூட்டாளியிடம் சொன்னேன். பரிசோதனைக்கூடத்து மெஷினை விட இவன் துல்லியமாகச் சொல்கிறான் என்றேன். அவன் தேநீரைக் கீழே வைத்துவிட்டான்.

"மனுஷன்டா அவன். உன் பொண்டாட்டி தம்பி. இன்னொரு தரம் அவனை அந்தக் காட்சிக்கு உட்கார வெச்ச, நான் போயிடுவேன்."

"சும்மா சொன்னேன்டா" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. ஆனால் கூட்டாளிக்கு இதற்கு மேல் எதுவும் தெரியாது. அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவன் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகிற ஆள். நான் சோதனைகளை அந்த நேரத்தில் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. மச்சினன் பயந்துபோய் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தான். தட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்திருக்கும் தராசு எந்த எடையைக் காட்டும், சொல்லுங்கள். ஆகவே விரலை எடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்குப் போய் அவனுடைய மாத்திரையை வாங்கி வருவது வழக்கமாகவே நான்தான். அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை கிடைக்கிறது. அதைப் போட்டு டப்பாவை நிரப்பினேன். உண்மையான மாத்திரைகள் என் மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய கன்ட்ரோலர்களுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பொருளைத் தூக்கி எறியும் பழக்கம் எனக்கு இல்லை.

அதன் பிறகு அவன் வேலை பிரமாதம். பெரிதாக எதுவும் இல்லை. ஒரு மின்னல் கூடிப் போனால் இமை படபடக்கும். கை அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து ஆடுவான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்வேன். மறுநாள் அந்த மின்னலை ஒரு சிட்டிகை குறைக்கச் சொல்வேன். இமை அடங்கும்வரை குறைப்போம், அதற்கு மேல் இல்லை. ஓவியர் பெண்ணே அசந்துபோனாள். "எப்படி சார் சரியா கண்டுபிடிக்கிறீங்க?" என்றாள். அனுபவம் என்றேன்.

அவனுக்குத்தான் ஏதோ உறுத்தியது. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"மாமா, நடுவுல நடுவுல நான் எங்கயோ போயிட்டு வர்ற மாதிரி இருக்கு. எங்க போறேன்னுதான் தெரியல."

"ராத்திரி போனை நோண்டாம தூங்கு மாப்ள" என்றேன்.

என் மனைவி விடவில்லை. டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும் என்று நின்றாள். நானே அழைத்துப் போனேன். மாத்திரை தவறாமல் போடுகிறானா என்று டாக்டர் கேட்டார். என் கண் முன்னால்தான் போடுகிறான் என்றேன். அது பொய் இல்லை. டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். நானும் கொஞ்சம் பெரிய சத்து மாத்திரையாக வாங்கினேன்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த நாள்களில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஆட்டம் முடிஞ்சதும் வேலை செஞ்சவங்க பேரெல்லாம் வரும்ல மாமா, அதுல என் பேரைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. பொண்ணு வீட்ல காட்டணும்" என்றான். போட்டேன். என் பெயருக்கும் கூட்டாளி பெயருக்கும் மேலே போட்டேன். நீங்கள் ஆட்டத்தை எடுத்துவிட்டால் அந்தப் பெயரும் போய்விடும், அதை யோசித்தீர்களா?

கடைசிக் காட்சி மிச்சம் இருந்தது. விளக்கின் உச்சிக்குப் போனதும் மின்னலும் விளக்கொளியும் ஒன்றாகச் சுழலும். மதியம் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தான். நான் வெளியே நின்றேன். நன்றாகத்தான் ஏறினான். உச்சியில் இமை படபடத்தது. கை நின்றது. கன்ட்ரோலர் கீழே விழுந்தது. வழக்கம்போல அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை, நாற்காலியிலிருந்து சரிந்தான்.

அணைக்கும் பொத்தான் எனக்கு எட்டும் தூரத்தில் கதவோரம்தான் இருந்தது. ஏன் அணைக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் சுழற்சியில் மின்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருகின்றன. பாதியில் அணைத்திருந்தால் விழுந்ததற்குக் காரணம் முதல் மின்னலா, அல்லது அது நின்ற பிறகும் விளக்கொளி தனியாக அவனை உலுக்குமா என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். இன்னொரு நாள் மறுபடி அவனை உட்கார வைக்க வேண்டியிருக்கும். அவனை அந்த வேதனைக்கு இரண்டாவது தடவை ஆளாக்க எனக்கு மனம் வரவில்லை. காட்சி முடியும்வரை நின்று பார்த்தேன். முடிந்த பிறகும் அவன் உடம்பு நிற்கவில்லை. பிறகு நின்றது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன். கூட்டாளி வந்து பார்க்கும்போது நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

காரியங்கள் முடிந்ததும் அந்தச் சுழற்சியைத் திருத்தச் சொன்னேன். இந்தத் தடவை அனுப்பியதுமே சான்றிதழ் வந்தது. விடுமுறைக்கு முன்பே ஆட்டம் கடைக்கு வந்தது. எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பிள்ளைக்காவது ஏதாவது ஆனதாகப் புகார் வந்திருக்கிறதா? வராது.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் குறையில்லை. மாத்திரையை மாற்றியவன் நான். அவன் சரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அவனைக் கொன்றது நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பதிலுக்கு அந்த உத்தரவைக் கிழித்துப் போடுங்கள்.

திருத்திய காட்சி பாதுகாப்பானது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சான்றிதழை மட்டும் நம்பிச் சரக்கைக் கடைக்கு அனுப்பும் ஆள் நான் இல்லை. அந்த நோய் என் மனைவி குடும்பத்து ரத்தத்தில் ஓடுகிறது. என் மகளுக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு தடவை வந்தது. வெளியிடுவதற்கு முந்தின வாரம், அவள் அம்மா வெளியே போயிருந்தபோது, அவளை அதே அறையில் உட்கார வைத்து ஆட வைத்தேன். இமைகூட அசையவில்லை. உச்சிவரை ஏறிவிட்டு, இன்னொரு தடவை ஆடலாமா அப்பா என்று கேட்டாள். என் மனைவியிடம் இதையும் சொல்லுங்கள், அவளுக்கு என்னைப் புரியும். இந்தத் தடவை நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கவில்லை, ஐயா. பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்; கல்நெஞ்சக்காரன் அப்படிச் செய்வானா?