மூன்று மா நஞ்சை

முதலில் ஒரு சின்னத் திருத்தம், இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் ரைட்டர் என் வயதை அறுபத்து மூன்று என்று போட்டிருக்கிறார். வருகிற பங்குனியில்தான் எனக்கு அறுபத்தொன்று முடிகிறது. பெரிய விஷயமில்லை. ஆனால் எழுதுவதைச் சரியாக எழுத வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டேன்.

இரண்டாவது திருத்தத்துக்காகத்தான் ஸ்டேஷனுக்கே வந்தேன். அரசப்பன் இறந்த வழக்கில், பாசன சங்கத்தின் கவனக்குறைவால் வாய்க்கால் ஷட்டர் திறந்து கிடந்து தண்ணீர் பாய்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சங்கத்துக்குப் பதினான்கு வருஷமாக நான் தலைவர். ஷட்டர் சாவி என் வீட்டுக் கூடத்தில் ஆணியில் மாட்டியிருக்கும், என் மனைவி ஞானாம்பாள்கூட அதைத் தொட மாட்டாள். எங்கள் வாய்க்காலில் கவனக்குறைவு என்று ஒன்று இதுவரை நடந்ததில்லை. அன்றைக்கும் நடக்கவில்லை.

நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்னிலத்துக்குக் கிழக்கே, எங்கள் ஊருக்குள் திரும்புகிற தார் ரோட்டை ஒட்டி மூன்று மா. சுமாராக ஒரு ஏக்கர். சுற்றிலும் இருப்பதெல்லாம் எங்கள் வயல். நடுவில் பல் விழுந்த மாதிரி அந்த மூன்று மா மட்டும் அரசப்பனுடையது. எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவர் அவர். 1988இல் என் அப்பா ஏதோ ஒரு நெருக்கடியில் அவருக்குக் கிரயம் எழுதிக்கொடுத்தார். கேட்ட விலையைக் கொடுத்துத்தான் வாங்கினார். பத்திரத்தில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு வக்கீல்களிடம் காட்டிவிட்டேன்.

அரசப்பனை நான் வாய்ப் பேச்சில் 'அவர்' என்று சொன்னதில்லை. பேப்பரில் எழுதுவதால் அப்படி எழுதுகிறேன்.

நல்ல விவசாயி. அதை யாரும் மறுக்க முடியாது. வரப்பு வெட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். என்னைச் சின்னவரே என்று கூப்பிடுவார். அவர் மகள் செம்மொழி நாமக்கல்லில் படித்துக் கால்நடை மருத்துவராகி வந்த பிறகு அது 'சார்' ஆகிவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்தான் இரண்டு முறை என் பசுவுக்குப் பிரசவம் பார்த்தது. கைராசி உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அரசப்பனைக் கூப்பிட்டு, உனக்கும் வயதாகிவிட்டது, மகளும் வயலில் இறங்கப் போவதில்லை, நிலத்தை எனக்கே கொடுத்துவிடு என்றேன். நின்றுகொண்டே கேட்டார். "இல்லைங்க சார், அது இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். காரணம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷத்திலிருந்து அவர் மடைக்குத் தண்ணீர் போகவில்லை. மடையைக் களிமண் வைத்து அடைத்தது நான்தான். முதல் வருஷம் ஷட்டர் பழுது என்று சொன்னேன். அடுத்த வருஷம் தண்ணீர் வரத்துக் குறைவு என்றேன். மூன்றாம் வருஷம் காரணம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆடி மாதம் மடைக்கு எதிரே வந்து நிற்பார். கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மழையை நம்பி ஒருமுறை விதைத்தார், காய்ந்துவிட்டது. நிலம் தரிசானால் தானாக என்னிடம் வருவார் என்று கணக்குப் போட்டேன். நல்ல நிலம் நல்ல கைக்கு வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவர் வரவில்லை. மகள் மனு போட்டது.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்தபோது ஊர் முழுக்க லட்டு கொடுத்தவன் நான். பிறகுதான் சட்டத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன். அது எண்ணெய் எடுக்கிற கம்பெனிகளைத் தடுக்கிறது. வயலில் வீடு கட்டுகிறவனை ஒன்றும் செய்வதில்லை. அதற்கு வேறு விதிகள், வேறு ஆபீஸ்கள். நஞ்சையில் கட்டடம் கட்டக் கலெக்டர் சம்மதம் வேண்டும். கடைசியாக எப்போது பயிர் நின்றது, தண்ணீர் பாய்கிறதா, பக்கத்து வயலுக்குப் பாசனம் கெடுமா என்று பார்த்து வேளாண்மைத் துறை அறிக்கை கொடுக்க வேண்டும். செம்மொழி கேட்டது கீழே மாட்டு ஆஸ்பத்திரி, மேலே குடியிருக்க வீடு.

நான் எட்டு ஆட்சேபணை மனு கொடுத்தேன். திருவாரூரில் விசாரணை நடந்தது. அதிகாரி என்னைப் பேசச் சொன்னார். இன்றைக்கு மூன்று மா போனால் நாளைக்கு முப்பது மா போகும், அப்புறம் காவிரி யாருக்காக வரும் என்று கேட்டேன். அங்கிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தப் பெண் எழுந்தது. குரலை உயர்த்தவில்லை.

"சார் சொல்றது நியாயம்தாங்க. விளையுற நிலத்தை அழிக்கக் கூடாது. ஆனா எங்க நிலம் மூணு வருஷமா விளையலைங்க. வி.ஏ.ஓ. எழுதுற அடங்கல் கணக்குல தரிசுன்னுதான் இருக்கு. தண்ணி ஏன் வரலைன்னு சங்கத் தலைவரையே கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

"இன்னொண்ணுங்க" என்றது. "சாரோட கல்யாண மண்டபமும் நஞ்சையிலதான் நிக்குது."

அது வேறு விஷயம். மண்டபம் 2003இல் கட்டியது. ஊருக்குப் பொதுவாகப் பயன்படுகிறது. அரசப்பன் தெருக்காரர்களுக்குக்கூட வாடகைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை.

ஆனியில் அனுமதி வந்துவிட்டது. நான் அப்பீல் போட்டேன். ஆவணி மூன்றாம் திங்கட்கிழமை மறு ஆய்வுக்கு அதிகாரி நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. அதற்குள் அவர்கள் காதர் மைதீன் மேஸ்திரியை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தூணுக்கு ஒன்பது குழி. எங்கள் பக்கத்துக் களிமண் உங்களுக்குத் தெரியும், ஆழமாகப் போனால்தான் கட்டடம் நிற்கும். மடைக்குப் பக்கத்து மூலைக் குழி ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே.

மறு ஆய்வுக்கு வருகிற அதிகாரி அங்கே தண்ணீரைப் பார்க்க வேண்டும். பாயக்கூடிய நிலம் என்று அவர் கண்ணாலேயே தெரிய வேண்டும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. மேஸ்திரியும் அவர் ஆட்களும் ஜும்மாவுக்காக நன்னிலம் போயிருந்தார்கள். பன்னிரண்டரை மணி இருக்கும். நான் சாவியோடு ஷட்டருக்குப் போனேன். வாய்க்கால் நிறைந்து ஓடியது. வயலில் யாரும் இல்லை என்று நினைத்ததாக முதலில் உங்கள் ஏட்டிடம் சொன்னேன். அது சரியில்லை. அரசப்பனின் செருப்பு குழி ஓரத்தில் கிடந்தது. உள்ளேயிருந்து கூடை கூடையாக மண் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் சும்மா இருக்க மாட்டார்.

ஷட்டரை முழுசாகத் திருகி ஏற்றினேன். மடைக்கு வந்து, மூன்று வருஷமாக அடைத்திருந்த களிமண்ணை மண்வெட்டியால் கொத்தி எடுத்தேன். இறுகிப் போயிருந்ததால் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு தண்ணீர் போயிற்று. காய்ந்த நிலம் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும். நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மூலைக் குழியில் தண்ணீர் இறங்கியதும் அவர் குரல் கொடுத்தார். "யாருங்க அங்க? தண்ணிய நிறுத்துங்க, உள்ள ஆளிருக்கு."

நான் குழி ஓரத்துக்குப் போனேன். முழங்கால் அளவுக்கு ஏறியிருந்தது. ஒரு பக்கச் சுவர் கரைந்து சரிய ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவர், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னைச் சின்னவரே என்று கூப்பிட்டார்.

"சின்னவரே, கொஞ்சம் ஏணியைப் பிடிச்சுக்குங்க. வழுக்குது."

பிடித்தேன். மூங்கில் ஏணி. அவர் முதல் படியில் காலை வைக்கும்போது மேலே இழுத்துவிட்டேன். எடை அதிகமில்லை. வரப்பின் மேல் ஓரமாக, யார் காலிலும் இடறாதபடி வைத்தேன். போஸ்ட்மார்ட்டம் முடிந்த பிறகு நீங்கள் கேட்டீர்களே, இறங்கின ஆளுக்கு ஏணி எப்படி அவ்வளவு தள்ளிப் போனது என்று. அப்படித்தான்.

அவர் கீழேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்பளவு வந்தபோது, "செம்மொழியை ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றார். நான் ஏன் அந்தப் பெண்ணை எதுவும் செய்யப்போகிறேன். அப்படி நினைத்தாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு சுவர் மொத்தமாகச் சரிந்தது. நான் ஷட்டரைப் பாதியாக இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டேன். வெண்டைக்காய் வற்றல் குழம்பு.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். வயல் முழுக்க அரை அடித் தண்ணீர். விபத்து நடந்த இடம் என்பதால் கட்டட அனுமதியை நிறுத்தி வைத்தார்.

என்னிடம் சம்பா நாற்று கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாகக் கூடாதே என்று, அரசப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் டிராக்டர் விட்டுக் குழிகளை மூடிச் சமப்படுத்தி, நட்டுவிட்டேன். நடவு ஆட்கள் முதலில் இறங்கத் தயங்கினார்கள், நான் சொன்ன பிறகு இறங்கினார்கள். செம்மொழி வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பு வரைக்கும் வந்தது. முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"யாரோட நிலத்துல நடுறீங்க?"

"தரிசா கிடக்கிறதைவிடப் பயிர் நிக்கிறது நல்லதில்லையாம்மா?" என்றேன்.

கையில் செல்போனை வைத்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போனது. அதைத்தான் உங்களிடம் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். கொடுக்கட்டும். பச்சை பிடித்து எப்படி நிற்கிறது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குழிக்குத் தடுப்பு வைக்கவில்லை என்று பிடித்து வைத்திருக்கிற மேஸ்திரியை விட்டுவிடுங்கள். அவர் மேல் தப்பில்லை. கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்துவிட்டு, நான் எழுதியிருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். திறந்தது நான், மடையை வெட்டியது நான், ஏணியை எடுத்தது நான். ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. இதற்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைக்கட்டும்.

வி.ஏ.ஓ.விடம் பேசி, இந்த வருஷ அடங்கலில் அந்த சர்வே நம்பருக்குத் தரிசு என்பதை எடுத்துவிட்டு நெல் என்று போடச் சொல்லியிருக்கிறேன். பயிர் செய்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார். தை மாதம் அறுப்புக்கு மெஷின் சொல்லியாகிவிட்டது. நான் உள்ளே இருந்தாலும் ஞானாம்பாள் பார்த்துக்கொள்வாள். எங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கொடுப்பது போல, அரசப்பன் வீட்டுக்கும் ஒரு மூட்டை அளந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நிலத்துக்காகச் செய்தேன் அம்மா. அது யாருடையது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.