யானைக்குப் போட்ட இசை

யானை ஓடல்லெண்டா அது என்ட குத்தமா காக்கா? வயசுல மூத்தவர், நீங்களே செல்லுங்க... பஸ் சீட்டுல கொஞ்சம் அங்கால தள்ளுங்க, மடியில இரிக்கிற பெட்டி உங்கட முழங்கால்ல முட்டுது. இது ரேடியோ இல்ல. பழைய ரேடியோவெல்லாம் உரிச்சி நானே செஞ்ச மிசின். ரெண்டு ஸ்டேசனுக்கு நடுவுல ஒரு ஊளை வருமே, நீங்க கெதியாத் திருப்பிருவீங்க... அதத்தான் நான் புடிச்சி, டேப்புல ஏத்தி, வெட்டி ஒட்டி இசையாக்குற. காலிதீன் எண்டா நான்தான், என்ன உட்டாக் கல்முனையில வேற ஆருக்கும் ஏலா. ஆருக்கும் வேணாமெண்டும் செல்லுறாங்க, அது வேற கத.

கச்சிமுகம்மதுட மகள்ட கலியாணத்துக்குப் போட்டன். ஆறு பேர் சுத்திக் குந்தித் தின்னுற சஹன்ல சோறு வந்திட்டு, கறி வந்திட்டு... சனம் எழும்பிப் போகுது காக்கா. சோத்த உட்டுட்டுப் போற ஆக்களா நாம? கொழும்புல ஒரு பெரிய மனிசருக்கு டேப் அனுப்பினன். டேப் வழியில பழுதாப் போயிட்டாம், நல்லதொண்டு அனுப்புங்க எண்டு மறுமொழி. என்ட பொண்டாட்டி நதீரா கேக்கக் குந்தினா, அரைவாசியில தேத்தண்ணி ஊத்தப் போனா... மறுகா வரவேயில்ல.

அப்பதான் இறக்காமத்து அபூசாலிப் போடியார் வந்தாரு. அவர்ர வயல் வட்டையில கதிர் முத்திக் கெடக்கு, யானை இறங்குது, சீனவெடிக்கும் பயமில்லயாம். "தம்பி, உன்ட அந்தச் சத்தத்தக் கொண்டா" எண்டாரு. சத்தமாம்... காவல் பரணுல ஸ்பீக்கரக் கட்டி, கார் பெட்டரியில போட்டன். யானையெல்லாம் வாலத் தூக்கிட்டு ஓடிச்சி. வட்டைக்காரனுகள் என்னத் தூக்கித் தோள்ல வைக்காத கொற. எனக்கு நெஞ்சு பத்திச்சி காக்கா. மனிசன் எழும்பினான், சரி. யானையுமா?

ஊட்டுக்குள்ள கதவப் பூட்டிட்டு இரிந்தன். நதீராட தையல் மிசின்ட சத்தம், குளத்துத் துருசுக் கதவால தண்ணி பாயிற சத்தம்... எல்லாத்தையும் மெதுவாக்கி, நீட்டி, புதிசா ஒண்டு செஞ்சன். போடியார் பழசையே போடச் சென்னாரு. ஓம் ஓம் எண்டுட்டுப் புதிசப் போட்டன்.

யானை வந்திச்சி. நிண்டிச்சி. கொம்பில்லாத பெரிய அலியன் ஒண்டு ஸ்பீக்கர்ப் பக்கம் தலையச் சாச்சி, ஒரு வாய் கதிர், கொஞ்சம் கேக்குற, மறுகா ஒரு வாய்... போடியார் கீழ நிண்டு நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு கத்துறாரு. சுவிச்சி என்ட கையிலதான் இரிந்திச்சி. அவர்ர புள்ள குட்டிட ஒரு போகச் சோறு, வெளங்காமயில்ல எனக்கு. ஆனா டேப் முடியுமட்டும் ஒரு யானையும் உட்டுப் போகல்ல காக்கா. என்ட சீவியத்துல முதல் தரம்... அழுதிட்டன். கண்ணத் தொடச்சிப் பாக்கக்குள்ள வட்டையில வைக்கோலுமில்ல.

இப்ப போடியார்ர ஆக்கள் என்னத் தேடுறாங்களாம். அதான் கெடச்ச பஸ்ஸுல ஏறினன். நன்றி கெட்ட சனம். உங்களப் பாத்தா ரசன உள்ள ஆள் மாதிரி இரிக்கி, பெட்டரியும் இரிக்கி, கொஞ்சம் போட்டுக் காட்டட்டா?

எங்க எழும்புறீங்க? கல்முனைக்கெண்டுதானே டிக்கட் எடுத்தீங்க, இது ஒலுவில் சந்தி... இன்னும் தொடங்கவேயில்லயே.

யானை நிண்டிச்சே காக்கா.